ஆளைத் தேடிய நாய்

என் கணவர் இறந்த மூன்றாம் நாளிலிருந்து நாய் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை மோந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், கீழே போட்டுவிடும். பிறகு வாசற்படியில் கன்னத்தை அழுத்திப் படுத்துக்கொள்ளும். மீன் ஏலம் முடிந்து அவர் திரும்பி வருகிற வழி அது. துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, என் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆளத் தேடுது மக்கா. மனுசனுக்கு இந்தப் பாசம் வருமா?"

அந்தப் பேச்சில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். காப்பி போட்டுப் போட்டு, அவர் இறந்த கதையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன். அழக்கூடத் தெம்பில்லை. எனக்கும் சேர்த்து அது துக்கம் காக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மரச்சீனிக் கிழங்கைக் குழைய மசித்து மீன்குழம்பு ஊற்றி வைத்தால் கொஞ்சம் நக்கும். வாய் நாறத்தான் செய்தது. மீன் வியாபாரம் செய்கிற வீட்டில் அதை யார் கண்டுபிடிப்பது? கூடை, கயிறு, அவருடைய சட்டை, எல்லாவற்றிலும் அதே வாடை. நாயின் வாயிலும் மீன்தான் நாறுகிறது என்று வருடக்கணக்காக இருந்துவிட்டோம்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்தும் அது தேறவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயம் பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு நாகர்கோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"இவிய, எங்க வீட்டுக்காரரு, போனதுலேந்து. ஆளத் தேடுது டாக்டர்."

அவர் நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்லெல்லாம் பழுப்பாகக் காரை பிடித்து, ஈறு சிவந்து சீழ் கட்டியிருந்தது.

"இது வருசக்கணக்கா சேந்ததும்மா. கடிக்க முடியாமக் கெடக்கு. மயக்கம் குடுத்துச் சுத்தம் பண்ணணும், ரெண்டு பல்ல எடுக்கணும்."

"தேடவும் செய்யும் டாக்டர்," என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

இரண்டு நாள் கழித்துச் சிகிச்சை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, காரை சுரண்டும் மெஷின் கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிடுங்கிய பற்களைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். வேர் கறுத்துப்போயிருந்தது. கன்னத்தில் வலி தாங்காமல்தான் குளிர்ந்த படியில் முகத்தை வைத்திருக்கிறது. அதைப் பாசம் என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இனி தினமும் பல் தேய்த்துவிட வேண்டும், நம்முடைய பேஸ்ட் கூடாது என்றார் டாக்டர். எனக்கே பல் தேய்க்க அலுப்பாக இருந்த நாட்கள் அவை. சரி என்று தலையாட்டினேன்.

புண் ஆறிய பிறகு ஒரு மத்தியானம் சாளை மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றது. தட்டைத் தரையெல்லாம் இழுத்து நக்கியது. இன்னும் வேண்டும் என்று வாலாட்டியது.

மதினி பார்த்துக்கொண்டு நின்றார். "அதுக்குள்ள மறந்துட்டு, பாத்தியா?"

"அதுக்குப் பல்லுவலி மதினி. அவ்வளவுதான்."

மறுசோறு வைத்தேன். அதையும் தின்றுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை நாளும் இந்த வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் புரிந்தது. அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் போனதற்கு முதல்முறையாக அழுதேன்.