அபூ சயீத் காசில் நான் வெட்டாத எழுத்து

சாலைக் கடைத்தெருவில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவதுதான் என் வேலை. சீர்வரிசைக் குடத்திலும் குத்துவிளக்கிலும் மெஷினால் பெயர் பொறிப்பேன். தமிழ், மலையாளம், அரபி, எதை எழுதித் தந்தாலும் வெட்டுவேன். ஒரே ஒரு காசில் மட்டும் மாட்டேன் என்றேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

துபாயிலிருந்து திரும்பிய ஹாஜியார் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய வம்சத்து வெள்ளி திர்ஹம். அரபி வாசகத்தோடு மங்கோலிய எழுத்தும் இருந்தது. ராஜா பெயர் அபூ சயீத். ஹாஜியாரின் அப்பா பெயரும் அதுதான். அந்தக் காலத்தில் அச்சு பெரிதாகவும் வெள்ளி வில்லை சிறிதாகவும் இருக்குமாம். சுத்தியலால் அடிக்கும்போது ஓரத்து எழுத்து வெளியே போய்விடுமாம். அவரே விளக்கினார். இதில் ‘சயீத்’ பாதி போயிருந்தது.

“வாப்பான்றெ பேரு முழுசாயிட்டு வேணும். மகனுக்குக் கொடுக்கான். அத்ர தன்னெ.” மகனுக்குக் கொடுக்கத்தான், வேறொன்றுமில்லை என்று மலையாளம் கலந்து சொன்னார்.

“ஹாஜியாரே, அடிச்சவனே இப்படித்தான் அடிச்சிருக்கான். நாம கை வச்சா கெட்டுப்போவும்.”

நான் கூலிக்கு இருந்த பாத்திரக்கடை முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “லேய், எழுத்துக்குத்தான ஒனக்குக் கூலி? வெட்டிக் குடுன்னா சட்டம் பேசுதியோ?”

“குடத்துல வெட்டுதேன் முதலாளி. இதுல வெட்ட மாட்டேன்.”

“அப்ப நாளைக்கு வரண்டாம்!”

மெஷின் என் சொந்தப் பணத்தில் வாங்கியது. ஒயரைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் குடங்களோடு வாசலில் விழித்துக்கொண்டு நின்றார். முதலாளி கூப்பிடவில்லை, நானும் திரும்பவில்லை. எதிர்ச்சாரியிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திமிர் பிடித்தவன் என்றார்கள். ஆமாம், திமிர்தான். என் சோற்றில் மண் விழவில்லை.

சில மாதம் கழித்து ஹாஜியார் என்னைத் தேடி வந்தார். காசில் வேறு யாரோ வெட்டியிருந்தார்கள். புது வெட்டு பளபளவென்று கண்ணை உறுத்தியது. மகன் அதைப் பழங்காசு வியாபாரி ஒருவரிடம் காட்டியிருக்கிறான். அவர் முழுக் காசுமே போலி என்று தள்ளிவிட்டாராம். மகனும் அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

“இந்தப் புது எழுத்து மாத்ரம் எடுத்துத் தரான் பற்றுமோ?” என்றார், எடுத்துத் தர முடியுமா என்று. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

“எடுக்கணும்னா சுத்தியிருக்க வெள்ளியையும் தேய்க்கணும் ஹாஜியாரே. வாப்பா பேர்ல மிச்சம் இருக்கதும் போயிரும்.”

அன்றும் நான் அந்தக் காசில் கை வைக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, முதலாளி போகச் சொன்னால் போய்விடுங்கள். வேறு கடை கிடைக்கும். அழிந்த பெயர் கிடைக்காது.