இரும்புக்குச் சீயக்காய்

எதிர்வீட்டுக் கேட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை, வெள்ளைக்காரன் காலத்தில் குற்றாலத்து அருவிக்கரையில் இருந்த, இப்போது இல்லாத இரும்புக் கம்பியிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது. அதைப் பராமரித்தவர் அப்பா. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறவர்கள் வழுக்காமலிருக்கப் பிடிக்கும் கம்பி என்பதால், பிசுக்கின் மேல் அடித்த பெயின்ட் வருஷாவருஷம் தோலாக உரிந்து, உரிந்த இடமெல்லாம் துரு அரித்தது. ஒரு வருஷம் சாரல் காலம் தொடங்கும் முன், அப்பா அம்மாவின் சீயக்காயைக் கரைத்துக் கம்பி நெடுகத் தேய்த்தார்.

"இரும்புக்கா தலைக்கு ஊத்துதிய?" என்றாள் அம்மா.

"பிசுக்குல பெயிண்டு நிக்காது. துரு அரிச்ச கம்பிய நம்பி ஆளு நிக்க முடியுமா?" என்ற அப்பா, கை எரிந்தும் விடவில்லை. கம்பி காய்ந்த பிறகே சிவப்புப் பெயின்ட் அடித்தார்.

அந்தச் சாரல் முழுக்க எத்தனையோ எண்ணெய்க் கைகள் பிடித்தும் சிவப்பு உரியவில்லை. மறுவருஷம் அம்மா, யாரும் கேட்காமலே, கம்பிக்கும் சேர்த்துச் சீயக்காய் இடித்தாள்.