பாதச்சனி

கோம்பைக்கும் தேனிக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் ஸ்டீரிங் பிடித்தவன் முத்துவீரன். எழுபத்தாறாம் வருஷம் ஒரு காலையில் அவனுடைய வலதுகால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கிக் கிடந்தது. வேட்டி நுனி பட்டாலே உயிர் போனது. பிரேக் மிதிக்கிற கால் அல்லவா? கால் போனால் சீட் போச்சு. பெண்டாட்டி மூக்கம்மாள் அவனைக் கைத்தாங்கலாகப் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் சண்முகராஜ் விரலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "இதுக்கு கவுட்னு பேரு. ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடி, மூட்டுல உப்பாப் படியுது. இந்த மாத்திரை வலிக்கு, நாலு நாள் போதும். வலி அடங்குன பெறகு இன்னொண்ணு, அதத் தெனமும் போடணும். மொதல்ல கொஞ்ச நாள் வலி திரும்ப வரலாம், பயந்து நிறுத்திராதீக. தண்ணி நெறயக் குடிங்க."

சொன்னது அத்தனையும் மூக்கம்மாள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் தின மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் வலி வந்ததும், "மருந்தா இது, மண்ணாங்கட்டி!" என்று பொட்டலத்தைக் குப்பைக்குழியில் வீசினாள். புத்தி கெட்டவள்! நேரே குச்சனூர் ஜோசியரிடம் போய் நின்றாள்.

"ஒன் வீட்டுக்காரருக்குப் பாதச்சனி நடக்குது ஆத்தா. பேருலயே பாதம் இருக்குல்ல?" என்றார் அவர்.

ஏழரைச்சனியின் கடைசிக் கூறுக்கு அந்தப் பெயர். மூக்கம்மாளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் புருஷன் விரதம் இருப்பான் என்று நேர்ந்துகொண்டாள்.

"இஞ்சின் சூட்டுல வேகுறவன்டி நான்," என்றான் முத்துவீரன்.

"ஒங்க காலுக்குத்தானே சொல்லுறேன்."

இருந்தான். ஞாயிறுகளில் விரல் வீங்கியது. சாமிக்குக் கோபம் தீரவில்லை என்று வெள்ளி இரவுச் சோற்றையும் நிறுத்தினாள். அவன் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வீக்கம் முதலாளிக்குத் தெரியாமல் வண்டி எடுத்தான்.

ஒரு ஞாயிறு, சின்னமனூர் தாண்டி மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கில் வைத்த கால் அழுந்தவில்லை. மாடு அங்கேயே செத்தது. வண்டிக்காரனுக்கு இடுப்பு ஒடிந்தது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பெரியகுளம்.

"வலி எப்பம்மா வரும்?" டாக்டர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைல டாக்டரய்யா."

"சனிக்கிழம என்ன சாப்புடுவாரு?"

"ஒண்ணும் கெடையாது. பச்சத்தண்ணி கூட..." பாதியில் நிறுத்தி, புருஷன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"பட்டினி கெடந்து தண்ணியும் இல்லாம ஒடம்பு வத்துனா, அந்த உப்பு ஏறத்தாம்மா செய்யும்," என்று சொல்லி, பழைய மாத்திரையையே திரும்ப எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் புருஷனை உட்காரவைத்துவிட்டு, டீக்கடையில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிவந்து நீட்டினாள்.

அவன் கையால் தள்ளினான். "இன்னைக்குச் சனிக்கிழமடி."

"குடிங்க," என்றாள். "ஒங்க காலப் பிடிச்ச சனி நான்தான்."