மோச்சி எந்த ஊரில் இருக்கிறது?

போன மாதம் நான் திண்டிவனத்துக்குக் கிளம்பியது வழக்கம்போல ஊர் சுற்றிப் பதிவு எழுத அல்ல, அண்ணனோடு சண்டை போட. என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பையனை அவளே பார்த்துக்கொண்டாள், எனக்கும் பிடித்துவிட்டது. அவன் சாதிதான் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. தாய்மாமன் வராத கல்யாணம் என்ன கல்யாணம் என்று மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சும்மாவே ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாதவள் நான். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் எப்படி இருப்பேன்?

தாம்பரத்தில் காலை 5.40-க்குப் பஸ். திண்டிவனம் 95 கிலோமீட்டர், டிக்கெட் 105 ரூபாய், 7.50-க்கு இறங்கிவிட்டேன். ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. அண்ணனிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்ததில், அச்சிறுப்பாக்கம் தாண்டுவதற்குள் நாலு முறை ஜெயித்திருந்தேன்.

அண்ணன் வீட்டுக்குப் பெயர் 'மோச்சி பவனம்'. விளக்கம் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பாவின் அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாவுக்குப் போனவர். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த தாள், கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கும். தாளின் கீழ்ப்பாதியை மறைத்து, யூனிஃபார்மில் நிற்கும் தன் போட்டோவைத் தாத்தாவே ஒட்டிவைத்திருந்தார். மேலே அவர் பெயர், எண், அப்புறம் ஆங்கிலத்தில் 'மோச்சி' என்று ஒரு வார்த்தை. அது என்ன என்று அப்பா சிறுவயதில் கேட்டதற்கு, பர்மாவில் ஓர் ஊர் என்றாராம். அதே மாதிரி ஒலிக்கும் ஊர் ஒன்றை அண்ணன் மேப்பில் கண்டுபிடித்து, தாத்தா சண்டை போட்ட இடம் என்று முடிவு கட்டி, வீட்டுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டான்.

"மோச்சியில ரத்தம் சிந்துன வம்சம் இது. கண்டவன் வூட்டுக் கல்யாணத்துல நான் மாலைய தூக்கிக்கினு நிக்கணுமா?" என்றான்.

"தாத்தாவுக்குச் சொந்த ஊர் எதுன்னு உனக்குத் தெரியுமாண்ணா? அது தெரியாது, வம்சம் மட்டும் தெரியுதா?"

அண்ணனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஃபிரேமைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "போ. பட்டாளத்து ஆபீஸ்ல விசாரிச்சுக்கினு வா. அப்படியே ஒரு ஜெராக்ஸ் எடுத்து உன் சம்பந்திக்கும் காட்டு. நாம யாருன்னு தெரியட்டும்."

வீம்புக்கு வாங்கிக்கொண்டேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டர், 35 ரூபாய். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றதையும் சேர்த்து ஒரு மணி நேரம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு 10.30-க்குப் போய்ச் சேர்ந்தால், பூட்டு. சனிக்கிழமை என்பதே எனக்கு உறைக்கவில்லை. என் அவசரத்துக்கு இது வேண்டும்தான்.

சற்றுத் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் ஓய்வுபெற்ற ஹவில்தார், அறுபது வயதிருக்கும். ஃபிரேமைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்ததும் படித்தார்.

"உங்க தாத்தா மோச்சியாங்க?"

"மோச்சியில சண்டை போட்டவர்."

"இது ஊரு இல்லீங்கம்மா, ட்ரேடு. பூட்ஸு, பெல்ட்டெல்லாம் தைக்கிறவர மிலிட்டரில மோச்சின்னுதான் சொல்லுவோம். எங்க யூனிட்லயும் ஒருத்தர் இருந்தாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரு இல்லன்னா ஒருத்தனும் ஒரு மைல் நடக்க முடியாதுங்க" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டோவின் பசை காய்ந்துபோய், ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. மெதுவாக எடுத்தேன். அடியில் தகப்பனார் பெயரும் கிராமமும் இருந்தன. கோலியனூருக்குப் பக்கம். எண்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கேட்காத ஊர்.

கோலியனூர் ஏழு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 20 ரூபாய். அங்கிருந்து கிராமத்துக்குத் தனி ஆட்டோ 150 கேட்டார், பேரம் பேச மனமில்லை. கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் என் பதிவுக்காக வேடிக்கைப் பொருளாக வேண்டாம்.

தாத்தாவின் தகப்பனார் பெயரைச் சொன்னதும் ஊர்க்கோடியில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் எழுபது வயது அம்மாள் ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். பெயர் அஞ்சலை. தாத்தாவின் சொந்தத் தம்பி மகள். நான் யார் என்று சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"திண்டிவனத்து ஆளா? உக்காரு. எங்க பெரியப்பா பேத்தி, அப்ப நான் உனக்கு அத்தை." கை நிறைய மல்லாட்டையை அள்ளி என் மடியில் போட்டார். "உங்க வூடு எதுன்னு சந்தைக்குப் போறவங்க சொல்லித் தெரியும். உங்கண்ணன் வூட்டு போர்ட பஸ்ல போறப்பல்லாம் பாப்போம். எங்க தொழில் பேர வாசல்ல மாட்டிக்கினு கீறாரேன்னு சிரிப்போம்."

தாத்தா ஏன் ஊரைவிட்டுப் போனார் என்று கேட்டேன்.

"ஊருக்கே செருப்பு தெச்சுக் குடுத்த குடும்பம். ஆனா நாங்க செருப்பு போட்டுக்கினு தெருவுல நடக்கக் கூடாது. பெரியப்பா சண்ட முடிஞ்சு பூட்ஸு போட்டுக்கினு வந்தாரு. ஊர் எல்லையிலயே கழட்டச் சொன்னாங்க. கழட்டல. அப்படியே திரும்பிப் போயிட்டாரு. வூட்டுக்குக் கூட வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவர் மீதியையும் சொல்லிவிட்டார்.

"நாலஞ்சு வருஷம் கழிச்சு திண்டிவனம் சந்தையில எங்கப்பா அவரப் பாத்துட்டாரு. 'அண்ணா'ன்னு ஓடிக் கையப் புடிச்சிருக்காரு. உங்க தாத்தா கூட யாரோ பெரிய மனுசங்க நின்னுக்கினு இருந்தாங்களாம். 'யாருப்பா நீ'ன்னு கேட்டாராம். அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் எங்கப்பா திண்டிவனத்துக்குப் போகல."

பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்ற அதே மனிதர்தான் தம்பியின் கையை உதறினார். யார் பக்கம் நின்று கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மாலை 5.15-க்குத் திரும்பவும் திண்டிவனம். அண்ணன் தாளைப் படித்தான். கடைக்காரரும் அத்தையும் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. உனக்கு. அங்க எல்லாருக்கும்."

"கல்யாணத்துக்கு வரேன். முன்னால நின்னு நானே நடத்தி வெக்கிறேன். இத மட்டும் நீ எங்கயும் எழுதாத. அவங்க யாரும் நம்ம வூட்டுப் படி ஏறக் கூடாது."

கேட்டுப் போனது கிடைத்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டும் வந்தேன். மகளிடம் மாமா வருவார் என்றதும் அன்றைக்கே சாப்பிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமை அலுவலகம் தேடிப் போகாதீர்கள். பழைய பட்டாளத்துத் தாள் இருந்தால் அசலையே எடுத்துப் போங்கள், போட்டோ ஒட்டியிருந்தால் அடியிலும் பாருங்கள். வார்த்தை புரியாவிட்டால் பட்டாளத்தில் இருந்தவரிடம் கேளுங்கள், மேப்பிடம் கேட்காதீர்கள். தாம்பரத்திலிருந்து போகவர எனக்கு மொத்தம் 620 ரூபாய் ஆனது. முக்கியமாக ஒன்று: கிடைப்பதை வைத்து என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் யோசிக்காமல் போனேன். பிறகு மூன்று வாரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

நேற்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தையில் நடந்ததைக் கேட்டதும், "எழுதும்மா" என்றாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கோலியனூருக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

இதை நீங்கள் படிக்கும்போது அண்ணனும் படித்திருப்பான். என் மகளுக்கு இனி தாய்மாமன் இல்லை.