கடலுக்கு மேலால் வந்த பஸ்

ரொறொன்ரோவில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அவர்கள் சொன்னதை மட்டும் சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்வேன். ஒரேயொரு நாள் அதை மீறினேன்.

அன்று என் பக்கத்தில் இருந்தவர் புங்குடுதீவுக்காரர். தீவிலிருந்து எப்படித் தப்பினீர்கள் என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"பஸ்ஸிலை யாழ்ப்பாணம் வந்தனான்."

அதிகாரி வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பினார். தீவைச் சுற்றி ஒரே நீலம்.

"சுற்றிவரக் கடல். பஸ் எப்படி வந்தது?"

மொழிபெயர்த்தேன். அவர் விழித்தார். கடலை நிரவிப் போட்ட தாம்போதிப் பாதையால் பிறந்ததிலிருந்து போய்வருகிறவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"ரோட்டாலைதான் அக்கா. பஸ் வேறை எதாலை வரும்?"

அதிகாரியின் பேனை காத்திருந்தது. பொய் என்று எழுதினால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பக்கத்துத் தீவான வேலணையில் பிறந்தவள். அந்தப் பாதை எனக்கும் தெரியும்.

"கடலுக்கு மேலால் போட்ட ரோட்டில் வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியில் வந்ததும் அவர் சிரித்தார். "உந்த மனிசனுக்கு ரோட்டும் தெரியாதோ அக்கா?"

வழக்கு வென்றதாகப் பிறகு அறிந்தேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது அவர் சொன்னதுமில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்யும்போது என் குரல் ஒரு கணம் தடுக்குகிறது.