சுருளை வரையச் சொன்னோம், பேசச் சொல்லவில்லை

"...கை நடுக்கம் நின்னா மட்டும் போதுமா டாக்டர்? வர்றவங்க சொல்றத நான் திருப்பிக் கேட்டாத்தான எழுத முடியும். நான் கேக்குறது அவங்களுக்கே புரியல."

சரோஜாம்மா இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. வாய் அவ்வளவு குழறியது. உங்களுக்காக நேராக்கி எழுதியிருக்கிறேன்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் அவர். மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை ஆனால் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜனம் அவரைத்தான் தேடும். கை நடுக்கம் முற்றி, எழுத்து கோழி கிளறியது போல ஆனபோது டி.பி.எஸ். என்கிற மூளை ஆபரேஷன் செய்துகொண்டார். மூளைக்குள் மெல்லிய கம்பி, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. பேட்டரியிலிருந்து மூளைக்குப் போகும் கரண்டை டேப்லெட் கம்ப்யூட்டர் வைத்து ஏற்றி இறக்குவதுதான் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை. காலேஜில் படித்ததில்லை, பக்கத்தில் நின்று கற்றது.

முதல் சில வருஷம் அவர் எழுத்து முத்து முத்தாக வந்தது. பிறகு நடுக்கம் மெல்லத் திரும்பியது. பலருக்கு இப்படி நடக்கும். நோய் தன் போக்கில் வளர்கிறது, மூளையும் கரண்டுக்குப் பழகிவிடுகிறது. ரிவ்யூவுக்கு ரிவ்யூ கரண்டை ஏற்றினோம். ஏற்ற ஏற்ற நாக்கு தடித்தது, நடை தள்ளாடியது. ஆபரேஷனுக்கு முன்னால் அவரிடம் சொன்னது ஒரே வரிதான்: "ஒரு தடவ பண்ணிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல."

எங்கள் கிளினிக்கின் வழக்கம் அதைவிடக் கொடுமை. ரிவ்யூ என்றால் பேப்பரில் ஸ்பைரல், அதாவது ஒரு சுருள், வரையச் சொல்வோம். ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றச் சொல்வோம். கோடு ஆடாமல் வந்தால் 'குட் ரிசல்ட்'. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசச் சொல்ல மாட்டோம்.

சரோஜாம்மா அப்படிக் கேட்ட அன்றும் டாக்டர் சுருளைத்தான் தூக்கிக் காட்டினார். "பாருங்க, எவ்ளோ அழகா இருக்கு. கரண்ட கொறச்சா கை ஆடும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்டிம்மா?"

"மீசை ஒங்களுக்குத்தான் இருக்கு டாக்டர். எனக்குக் கூழுதான்."

கூட வந்த மகன் அடக்கினான். "சும்மா இரும்மா. கை ஆடுனா எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

"கை ஆடுனப்ப பாவம்னாங்க. இப்ப வாய் குழறுறதப் பாத்து ஆபீஸ் கேட்டுல நிக்கிற போலீஸ்காரரு, 'காலையிலயே தண்ணி ஜாஸ்தியாம்மா?'ன்னு கேக்குறாரு. எதுடா அசிங்கம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், கரண்ட மாத்துற ரிமோட் ஒண்ணு குடுத்து, அதுல ரெண்டு செட்டிங் வெச்சுத் தரலாம். எழுதறதுக்கு ஒண்ணு, பேசறதுக்குக் கம்மியா ஒண்ணு. அவங்களே மாத்திக்கட்டும்."

டாக்டருக்குத் தெரியாததில்லை. "பேஷன்ட் கையில குடுத்தா கொழப்பிக்குவாங்க" என்றார்.

"கலெக்டருக்கே எழுதறவங்க ஒரு பட்டன்ல கொழம்பிடுவாங்களா சார்?"

"செஞ்சு தொலைங்க."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, கோட்டைப் பார்க்குமுன் ஆளைப் பேசவிடுங்கள். வருஷம் போகப் போகப் பலன் குறையலாம், வாய் குழறலாம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அந்த உடம்போடு வீட்டுக்குப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

செட்டிங் முடிந்ததும் சரோஜாம்மா எழுத்துக்கான பட்டனை அழுத்தினார். சுருள் வரைந்த தாளைத் திருப்பிப் போட்டு, டாக்டர் மேஜையிலேயே விறுவிறுவென்று எழுதினார். அப்புறம் பேச்சுக்கு மாற்றிவிட்டுச் சற்றுக் காத்திருந்தார். கை ஆடத் தொடங்கியது, தாளும் சேர்ந்து ஆடியது. மகன் தாளை வாங்கப் போனான். கொடுக்கவில்லை. நோயாளிகள் காத்திருந்த ஹாலுக்கு நடந்து போய், நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "பெறுநர், மருத்துவர் அவர்கள். பொருள், ஆபரேஷனுக்கு முன்பே எங்களிடம் முழு உண்மையையும் சொல்லக் கோருதல்..."