கூடத்தில் ஒரே ஆணி

செம்பட்டியில் கல்யாண வீடு. மணமக்களை வாழ்த்தி நானே பாட்டெழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மூன்று பஸ் மாறி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூடத்தில் இருப்பதோ ஒரே ஆணி. அதில் வேடசந்தூர் மில் மேஸ்திரி தந்த சுவர்க்கடிகாரம் தொங்குகிறது. அதன் பித்தளைப் பெண்டுலம் மினுக்கி மினுக்கி ஆட, வருகிறவர்கள் எல்லாம் அதையே அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

"இன்னொரு ஆணி அடிக்கலாமே?" என்கிறேன்.

"மண்ணு செவருண்ணே, பேந்து வந்துரும்," என்கிறாள் மாப்பிள்ளையின் அம்மா. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாதீக. கடியாரம் என்னைக்கு நிக்குதோ, அன்னைக்கே ஒங்க பாட்ட மாட்டிருவோம்."

ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானோ அந்த டிக் டிக்கையே காது கொடுத்துக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். பாவிக் கடிகாரம், ஒரு நொடி தப்பாமல் ஓடுகிறது.